டெஸ்ட், ஆண், 45 வயது

மார்ச் 4, திங்கள்

மன்னிக்க வேண்டும். எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பரீட்சைத் தாளையும் ஸ்கேன் அறை ரிஜிஸ்தரையும் தவிர வேறெதிலும் நான் எழுதியதில்லை. இது தலைவலி நோட்டு. தலைவலியோடு வருகிறவர்களை நரம்பு டாக்டர்கள் இப்படி ஒரு நோட்டுப் போடச் சொல்வார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். நாளைக்கு ஒரு வரி போதும். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு வரியில் நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை.

இன்று: காலை ஐந்தரை. பின்மண்டை. எழுந்து உட்கார்ந்த பிறகு மெல்லக் குறைந்தது. பல் தேய்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெயர் மாரிக்கனி. வயது இருபத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. "தலைக்குள்ள போட்டோ பிடிக்கா" என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். அது சரிதான்.

மார்ச் 5, செவ்வாய்

காலை ஆறு. பின்மண்டை. அரை மணி நேரம்.

மார்ச் 6, புதன்

மெஷினுக்குப் புது சாஃப்ட்வேர் போட சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்திருந்தார். போட்டு முடித்ததும் யாரையாவது உள்ளே படுக்க வைத்துப் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். நோயாளியை வைத்துச் சோதனை செய்ய முடியாது. ஆகவே ஸ்டாஃப் யாராவது படுக்க வேண்டும்.

"ஒரு தலை வேணும்" என்றார் இன்ஜினியர், காய்கறிக் கடையில் கேட்பதுபோல.

நோயாளிகளுக்கு உடை மாற்றிவிடும் செல்லக்கிளி அக்கா கையை ஆட்டினாள். "எந்தலையில ஒண்ணுமில்ல தம்பி. எடுத்தா வெறும் வெள்ளையாத்தான் வரும்."

"ஒண்ணுமில்லன்னா கறுப்பா வரும்க்கா."

"பாத்தியாட்டி, இருக்கிற கறுப்பு போதாதுன்னு இவரு வேற. மாரி, நீ போய்ப் படு. நீதான் படிச்ச தலை."

கம்மலைக் கழற்றி அவள் உள்ளங்கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

எங்கள் கணினியில் டெஸ்ட் என்ற பெயரில் ஒருவர் ஆறு வருடமாக இருக்கிறார். ஆண், 45 வயது. முதல் இன்ஜினியர் எப்போதோ உண்டாக்கிய ஆள். சோதனைப் படங்களையெல்லாம் அவர் பெயரில்தான் எடுப்போம். நோயாளிகளின் கணக்கில் அவர் வரமாட்டார், அவருக்கு ரிப்போர்ட் கிடையாது, வயதும் ஏறுவதில்லை. அவருடைய முழங்கால் எங்கள் வாட்ச்மேனுடையது. இடுப்பு செல்லக்கிளி அக்காவுடையது. தலை இன்று முதல் என்னுடையது.

மூன்று வருடத்தில் நான்காயிரம் தலைகளாவது எடுத்திருப்பேன். உள்ளே படுத்தது இதுதான் முதல் முறை. "அசையாதீங்க, சத்தமா இருக்கும், பயப்படாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேனே, அந்தச் சத்தம் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து வருவதாகவே தோன்றவில்லை.

இறங்கி வந்தபோது இன்ஜினியர் சந்தோஷமாக இருந்தார். "என்னா கிளியர் பாருங்க மேடம்."

கிளியராகத்தான் இருந்தது. சிறுமூளையில், இடது பக்கம், வலது பக்கத்தில் இல்லாத பட்டை பட்டையான கோடுகள். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. அங்கே மட்டும் கொஞ்சம் வீங்கினாற்போல.

புது சாஃப்ட்வேரின் கோளாறு. தலையில் மாட்டும் காயிலில் ஏதாவது ஒரு கண்ணி சரியில்லாவிட்டாலும் இப்படிக் கோடு விழும்.

மார்ச் 7, வியாழன்

காலை ஐந்து. சோதனைக்கென்றே இருக்கிற தண்ணீர் உருண்டையைக் காயிலில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. பிறகு வரிசையாக ஒன்பது தலைகள். ஒன்றிலும் கோடு இல்லை.

மார்ச் 9, சனி

இன்று ஒரு டீச்சரம்மா வந்தார். முடிந்ததும் செருப்பை மாட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது இருக்காம்மா?"

"டாக்டர் சொல்வாங்கம்மா."

"நீ பாத்தியே. ஒனக்குத் தெரியாதா?"

"நாங்க எடுக்க மட்டுந்தான் செய்வோம்."

இதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். கண்ணால் பார்ப்போம், வாயால் சொல்லமாட்டோம். முகத்தாலும் சொல்லக்கூடாது. மூன்று வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். டீச்சரம்மாவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தது. அதையும் சொல்லக்கூடாது. பயந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

கை கழுவும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல முகம்.

மார்ச் 11, திங்கள்

காலை ஐந்தரை. வாந்தி.

எதிர்பாராதது ஒன்று நடந்துவிட்டது. எடுக்கிற படத்தையெல்லாம் டாக்டரின் அறைக்குத் தானாக அனுப்பும்படி புது சாஃப்ட்வேரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் இன்ஜினியர். மேல்மாடியில் ரிப்போர்ட் எழுதும் டாக்டர் தேவஇரக்கம் சார், பட்டியலில் வந்த டெஸ்ட்டையும் திறந்திருக்கிறார். அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, படங்களைத்தான் பார்ப்பார். கீழே இறங்கவே மாட்டார். இன்று இறங்கி வந்தார்.

"யாரும்மா இந்த டெஸ்ட்? நாப்பத்தஞ்சு வயசு ஆளு?"

என் வாய் திறந்தது. நான் நினைத்தது ஒன்று. வந்தது வேறு.

"கம்பெனிப் படம் சார். இன்ஜினியர் மாதிரிக்குக் கொண்டு வந்தது."

"அதான் பாத்தேன். இவ்வளவு அழகா ஒரு கேஸு நமக்கு எங்க வரப்போகுது. மேல வா, காட்டுதேன்."

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். என் தலை அவர் திரையில் நிறைந்திருந்தது. படத்தின் மூலையில் எங்கள் சென்டரின் பெயரும் ஆறாம் தேதியும் சிறிய எழுத்தில் இருந்தன. சார் மூலைகளைப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது எங்கள் வேலை.

"புலித்தோல் மாதிரி வரி இருக்கு பாரு. சிறுமூளைக் கட்டி. பெரியவங்களுக்கு வாரதே அபூர்வம், அதுலயும் இது ரொம்ப அபூர்வம். இருபத்தெட்டு வருஷத்தில ரெண்டாவதாப் பாக்கேன். பக்கவாதம்னு நெனச்சி எழுதிருவாங்க. இந்த வரியத் தெரிஞ்சவன் தப்பா எழுத மாட்டான்."

"கேன்சரா சார்?"

"இல்ல. மெல்ல வளரும். ஆனா இடம் மோசம். மூளைநீர் போற வழிய அடைச்சிட்டுன்னா ஒரு நாள் காலையில ஆளு எந்திரிக்க மாட்டான்." சுட்டியால் படங்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே பேசினார். "இன்னொண்ணு. சில குடும்பத்துல இது தனியா வராது. ஆளுக்கு மூக்கோரம் பரு மாதிரி சின்னச் சின்னதா இருக்கும். தைராய்டப் பாக்கணும். பொம்பளையா இருந்தா மார்பையும் கட்டாயம் பாக்கணும். தாய், கூடப் பிறந்தவங்க எல்லாரையும் விசாரிக்கணும். இவன் ஆம்பள, தைராய்டு மட்டும் பாத்தாப் போதும்னு விட்டிருப்பாங்க."

இதைச் சொல்லும்போது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி டாக்டர்கள் கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டப் போகிறாராம். நல்ல படங்களாக நான் பொறுக்கி ஸ்லைடு போட்டுத் தர வேண்டும்.

"சரி சார்" என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று வலி இல்லை. ஆறேகால் வரை தூங்கினேன். கண் விழித்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, எழுந்திருக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று சாயங்காலம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போய் இன்று திரும்பினேன். வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா நான் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை.

குளித்துவிட்டு வந்து முடியை என்னிடம் பின்னச் சொன்னாள். இதுவரை சொன்னதில்லை.

"கைக்கு என்ன?"

"சுளுக்கு. எடது கையத் தூக்கினா கக்கத்துல இழுக்கு."

பின்னும்போது எதிரிலிருந்த கண்ணாடியில் அவள் கழுத்தின் பழைய தழும்பைப் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தைராய்டுக் கழலை எடுத்த தழும்பு. மூக்கோரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கிற பொரிப் பரு. அம்மாவுக்கு, எனக்கு, முப்பத்தெட்டு வயதில் மார்பில் புண் வந்து செத்துப்போன சித்திக்கு. பருவை வைத்தே ஊரில் எங்களை அடையாளம் சொல்வார்கள். பஸ்ஸில் யாரோ சித்தியைப் பார்த்து, "நீ பேச்சியம்மா தங்கச்சிதானே" என்று கேட்ட கதையை அம்மா இன்றும் சொல்லிச் சிரித்தாள்.

பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டேன்.

"வைகாசியில ஒன்னையப் பாக்க கழுகுமலையில இருந்து வாராக. தலை வலிக்கி கிலை வலிக்கின்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

"தலை வலிக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நேத்து ராத்திரி தூக்கத்துல தலையப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தியே. பெத்தவளுக்குத் தெரியாதா?"

மார்ச் 18, திங்கள்

காலை நாலேமுக்கால். இரண்டு முறை வாந்தி.

மார்ச் 22, வெள்ளி

மருந்து ஏற்றும் ஊசிக் குழாயை எடுக்கக் கை நீட்டினேன். கை அதற்கு இரண்டு விரல் தள்ளிப் போய் நின்றது. குழாய் கீழே விழுந்து உருண்டது.

"என்னாட்டி, மசக்கையா?" என்றாள் செல்லக்கிளி அக்கா. "காலையில வாந்திங்க, கையில சாமான் நிக்க மாட்டேங்குது. எந்த ஊர் மாப்பிள்ள, எங்கிட்ட மட்டும் சொல்லு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு குனிந்து குழாயை எடுத்துக்கொண்டே, "செவத்தப் பிடிச்சிக்கிட்டு நடக்கே நீ" என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

ஸ்லைடு வேலை. இருநூற்றுச் சொச்சம் படங்களிலிருந்து பன்னிரண்டு பொறுக்கினேன். வரி நன்றாகத் தெரிகிற மூன்று. பக்கவாட்டில் எடுத்தது இரண்டு. புது சாஃப்ட்வேர் எல்லாப் படத்தையும் அடுக்கி முகத்தையும் செய்துவிடுகிறது. முடி இல்லாமல், கண் மூடி, சாம்பல் நிறத்தில் ஒரு முகம் திரையில் மெல்லச் சுற்றியது. அதை ஸ்லைடில் சேர்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

முதல் ஸ்லைடில் "ஆண், 45 வயது" என்று அடித்தேன்.

சார் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நல்ல தேர்வு என்றார். பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டார். அறைக் கதவருகே செல்லக்கிளி அக்கா டீ கொண்டுவந்து நின்றாள்.

"மூளைநீர் அறை லேசாப் பெருசாருக்கு பாரு. இவனுக்குத் தலைவலி இருந்திருக்கும். காலையில வாந்தி இருந்திருக்கும். நடந்தாத் தள்ளும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ரெண்டு நாளா இதே நெனப்பா இருக்கு மாரி. படத்த மாதிரிக்குக் குடுத்தானே கம்பெனிக்காரன், ஆளுகிட்ட ஒரு வார்த்த சொன்னானா? நான் கூட்டத்துல காட்டி கைத்தட்டு வாங்கிட்டு வந்துருவேன். அவன் எங்கயோ செவத்தப் பிடிச்சிக்கிட்டு நடந்துக்கிட்டிருப்பான்."

"சொல்லியிருப்பாங்க சார்."

"சொல்லியிருந்தா நல்லது. நீ கம்பெனிக்கு ஒரு மெயில் போடு. டெஸ்ட்ங்கிற இந்த ஆளு யாரு, சொல்லியாச்சா, வைத்தியம் பாக்கானான்னு கேளு. எம் பேருல போடு."

செல்லக்கிளி அக்கா டீயை மேசையில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு மாலை வரை என்னை எங்கும் தனியாக நடக்க விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தரை வழுக்குகிறதாம். தரை காய்ந்துதான் கிடந்தது.

மார்ச் 27, புதன்

மெயில் எழுதினேன். "தங்கள் மாதிரிப் படத்தில் உள்ள நபரைக் கண்டுபிடித்துத் தகவல் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." நான்கு முறை படித்துப் பிழை திருத்தினேன். அனுப்பவில்லை. சார் கேட்டபோது அனுப்பிவிட்டேன் என்றேன்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. சென்டர் விடுமுறை. நான் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் பெரும்பாலும் எல்லோரும் ஊருக்கும் கோவிலுக்கும் போய்விட்டார்கள். நடு மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தேன். தெருக்குழாயில் நின்றிருந்தாள் போல. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அம்மா, மார்ல கட்டி ஏதும் இருக்கா?"

குடம் நிறைந்து வழிகிற சத்தம். குழாயை மூடினாள்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இருக்கா?"

"நெல்லிக்கா அளவுக்கு ஒண்ணு. வலியே இல்ல. வலிச்சாத்தான நோவு."

"எத்தன நாளா?"

"போன தீவாளிக்கு முந்தியே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுதியாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யாரும் சொல்லலன்னா எப்பிடித் தெரியும்? எதுல பாத்த?"

என் படத்தில் பார்த்தேன் என்று வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

வலியை எழுத முடியவில்லை. வரி நேராக வரவில்லை.

ஏப்ரல் 3, புதன்

உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திவிட்டு செல்லக்கிளி அக்கா கேட்டாள்.

"அன்னைக்கி ஓங் கம்மலு எங்கையிலதான இருந்துச்சி?"

கை தானாகக் காதுக் கம்மலுக்குப் போனது.

"டாக்டர் தேடுத ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். அந்த மனுசனுக்குத்தான் தெரியல. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்லுதேன்க்கா."

"எப்ப?"

"கூட்டத்துக்கு முந்தி."

"கூட்டம் கெடக்கட்டும், மயிரு. ஓந்தல இருக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "அடுத்தது யாரு, சாவிக்கொத்து, செல்போன் எல்லாத்தையும் வெளிய வைங்க" என்று சத்தம் போட்டாள்.

மூன்று முறை மாடிப்படி ஏறினேன். மூன்று முறையும் சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறையும் அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

சார்,

நேரில் சொல்ல முடியாததால் இந்த நோட்டை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். இது தலைவலி நோட்டு. மார்ச் ஆறாம் தேதியிலிருந்து படித்தால் எல்லாம் விளங்கும். கம்பெனிக்கு மெயில் போகவில்லை. பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

ஸ்லைடில் முதல் பக்கத்தைத் திருத்திவிட்டேன். பெண், 25 வயது. நாளைக் கூட்டத்தில் நீங்கள் அதைக் காட்டலாம். எனக்கு ஆட்சேபனை இல்லை. பெயர் மட்டும் வேண்டாம்.

இதைப் படித்ததும் நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள். இன்றே நரம்பு அறுவை டாக்டரிடம் அனுப்புவீர்கள். அம்மாவை வரச் சொல்வீர்கள். அது தெரிந்துதான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன், சொல்லாமல் இருந்தேன். எனக்குக் கத்தி வைப்பதைப் பற்றிய பயம் இருக்கிறது. அதைவிட இன்னொரு பயம் பெரிது. அம்மாவை எனக்குத் தெரியும். என் தலையில் கட்டி என்று காதில் விழுந்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு உடம்பே இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் பாயைப் போட்டுவிடுவாள். தன் மார்பில் இருப்பதை யாரும் தொட விடமாட்டாள். "எம் பிள்ள எந்திரிச்சி வரட்டும், பெறவு பாக்கலாம்" என்பாள். சித்தியும் இப்படித்தான். கொழுந்தனுக்கு ஆப்பரேஷன் ஆகட்டும், கதிர் அறுப்பு முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில்தான் போனாள்.

நேற்று அம்மாவிடம் பேசிவிட்டேன். எங்கள் சென்டரில் ஸ்டாஃப் வீட்டாருக்குப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள், வராவிட்டால் எனக்குக் கெட்ட பெயர் என்று சொன்னேன். எனக்குக் கெட்ட பெயர் என்றதும் ஒத்துக்கொண்டாள். இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். பத்து மணிக்குக் கீழே இருப்பாள். பச்சைச் சேலை. மூக்கோரம் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

சார், இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். முதலில் அவளைப் பாருங்கள். மார்பையும் கழுத்தையும் படம் எடுத்து, கட்டியில் ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்து, அடுத்து வர வேண்டிய தேதியை அவள் கையில் எழுதிக் கொடுத்து முடிக்கிற வரைக்கும், என்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.